முன்பணமும் வக்கீலும்

மலேசியாவில் ஆண்கள் வீட்டில் உடுத்துகிற கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்றால் என்னவென்று அந்த ஊர்க் கடைக்காரரைக் கேட்டால், அது கைலியில் ஒரு தினுசு என்பார். உண்மையில் அது ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நம் பழவேற்காடுதான் அந்த ஊர். ஐரோப்பியர் வாயில் அது புலிகாட் ஆயிற்று. மலாய்க்காரர் வாயில் பெலிக்காட் ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ பக்கத்துத் தறிக்காரர்கள் நெய்து விற்ற வர்ணக் கைக்குட்டைக்கும் 'புல்லிக்கேட்' என்றே பெயர். ஆங்கில அகராதியில்கூட அந்தச் சொல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஓர் ஊரின் பெயரை இத்தனை தேசங்கள் எடுத்துக்கொண்டனவே, அதற்காக யாராவது அந்த ஊருக்கு ஒரு சல்லி கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்த ஊரில் யாருக்காவது தோன்றியதா? தோன்றியிருந்தாலும், யாரிடம் போய்க் கேட்டிருப்பார்கள்? நான் சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்தக் கடைசிக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அது தறிக்காரனுடைய கேள்வி மாத்திரம் அல்ல. பாட்டு எழுதுகிறவன், படம் வரைகிறவன், நாடகம் போடுகிறவன், ஓலைப் பெட்டி முடைகிறவள், எல்லாருடைய கேள்வியும் அதுதான்.

பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம் என்று ஒரு மீனவர் குப்பம் இருக்கிறது. கோட்டை என்றதும் செஞ்சியையோ வேலூரையோ நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மண் மேடும், முட்புதரும், அகழி இருந்த பள்ளமுந்தான் மிச்சம். 1610-ல், சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று, டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை வைத்தார்கள். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியருக்கு அது பொறுக்கவில்லை. 1612-ல் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். உடனே 1613-ல் கோட்டை எழுந்தது. ஹாலந்தில் உள்ள கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரை ஒட்டி அதற்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்குத் தலைமை மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரரின் தலைமைப் பீடம் இதுதான். கோட்டைக்கு அருகே அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் காவல் நிற்கின்றன. உள்ளே ஒவ்வொரு பலகைக் கல்லிலும் இறந்தவரின் பெயரும் விருதுச் சின்னமும் எவ்வளவு அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன! செதுக்கிய கையின் பெயர் என் கண்ணுக்கு எங்கும் படவில்லை.

டச்சுக்காரர் இவ்வளவு தூரம் வந்து மணல்மேட்டில் கோட்டை கட்டியது மீனுக்காக அல்ல. ஜாவாவுக்கு அப்பால் உள்ள தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்தன. அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத்துத் துணியையே விரும்பினார்கள். துணி கொடுத்தால் கிராம்பு. துணி இல்லையென்றால் கிராம்பும் இல்லை. இது டச்சுக்காரர் கண்டுபிடித்த வியாபாரமும் அல்ல. 1516 வாக்கிலேயே துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியர், பழவேற்காட்டு வர்ணத் துணிக்கு மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்திராவிலும் நல்ல விலை என்று எழுதிவைத்திருக்கிறார்.

அந்த வர்ணத் துணி உண்டான விதத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். நெய்த துணியை வெளுத்து, கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு இருந்தால்தான் வர்ணம் கோட்டைத் தாண்டிக் கசியாமல் நிற்கும். காகிதத்தில் வரைந்த சித்திரத்தின் கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, அதைத் துணியின்மேல் விரித்து, கரித்தூள் கட்டிய சிறு மூட்டையால் தட்டினால் சித்திரம் துணியில் இறங்கும். அப்புறம் மூங்கில் குச்சிப் பேனாவால் கோடு போடவேண்டும். கறுப்புக்கு இரும்பும் வெல்லமும் ஊறிய காடி. படிகாரம் தொட்ட இடத்தில் சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால் சிவப்பு ஏறும். நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி மூடிவிட்டு, அவுரித் தொட்டியில் முக்கவேண்டும். பிறகு மெழுகை எடுத்து, அலசி, வெயிலில் போட்டு, மறுபடி அடுத்த வர்ணம். 1680-களில் சோழமண்டலக் கரையில் உத்தியோகம் பார்த்த டேனியல் ஹவார்ட் என்ற டச்சுக்காரர், இவர்கள் வேலை செய்வதைப் பார்த்தால் நத்தை ஊர்வதைப் பார்ப்பது போலிருக்கிறது என்று எழுதினார். பரிகாசமா, பிரமிப்பா என்று தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

ஐரோப்பியர்கள் தங்கள் தேசத்துச் சித்திர மாதிரிகளைக் கொடுத்து, இதைப் போல் எழுதிக்கொடு என்பார்கள். தன் ஆயுளில் கண்டிராத ஒரு பூவை நம் ஆள் எழுதுவான்; எழுதும்போதே அதன் காம்பில் நம் ஊர்க் கொடி ஒன்று வந்து சுற்றிக்கொள்ளும். கடைசியில் உருவாவது அங்கத்தியப் பூவும் அல்ல, இங்கத்தியப் பூவும் அல்ல. அவனே படைத்த மூன்றாவது பூ. இக்காலத்து வக்கீல் இதைப் பார்த்தால், இதன் ஆசிரியர் யார் என்று ஒரு வருஷம் வழக்காடுவார்.

அந்தக் காலத்தில் இந்த நெசவாளிக்கும் சாயக்காரனுக்கும் வக்கீல் கிடையாது. ஆனால் ஒரு சட்டம் இருந்தது. அது முன்பணத்தில் இருந்தது.

கம்பெனிக்காரன் வியாபாரிக்குப் பணம் கொடுப்பான். வியாபாரி தலைமை நெசவாளிக்குக் கொடுப்பார். அவர் தறிக்காரனுக்குக் கொடுப்பார். நூல் வாங்கவும், நெய்து முடியும்வரை சாப்பிடவும் அந்தப் பணம். நாம் என்ன நினைக்கிறோம்? முன்பணம் வாங்கியவன் அடிமைதானே என்று நினைக்கிறோம். பிரசன்னன் பார்த்தசாரதி என்ற சரித்திர ஆசிரியர் பழைய கம்பெனித் தஸ்தாவேஜுகளைத் துருவிப் பார்த்து வேறு கதை சொல்லியிருக்கிறார். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒப்பந்தம் தீர்ந்தது. தறிக்காரன் வேறொருவருக்கு நெய்யலாம். ஆனால் பணம் கொடுத்த வியாபாரிக்கு, "உன் துணி வேண்டாம், என் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று சொல்லும் உரிமை கிடையாது! எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத வழக்கம் இது. பணம் கைமாறும்போது தலைமை நெசவாளி கூட இருந்தார். சாதிக் கூட்டம் பின்னால் இருந்தது. நாலு கம்பெனிகள் துணிக்குப் போட்டி போட்டன. கொடுமை மிஞ்சினால் கடைசி ஆயுதம் ஒன்றும் உண்டு. தெருவே காலியாகித் தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த சீமைக்குப் போய்விடும். போனவர்களைத் திரும்ப அழைத்துவர அதிகாரிகளே தூது அனுப்பவேண்டும்.

இப்படி எழுதாத சட்டம் எப்படிச் செல்லும் என்று சந்தேகப்படுகிறவர்கள் கோட்டைக்குப்பத்துக்கே போய்ப் பார்க்கலாம். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதற்கு அங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. பக்கத்துக் குப்பங்களோடு பங்கு பிரித்து, சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். மரத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "சீட்டில் மோசமான இடம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "இன்னைக்கு எனக்கு மோசம்னா நாளைக்கு அவனுக்கு மோசம். அதுக்குத்தானே சார் சீட்டு?" என்றார். பாட்டில் பங்கு இல்லாதவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள் என்பதும் உண்மை. அதை வைத்துக் குப்பங்களுக்குள் வம்பு வளர்ந்ததும் உண்டு. வழக்கம் என்பது வேலிக்கு உள்ளே இருப்பவனுக்குத்தான் நிழல். ஆனால் உள்ளே இருப்பவன் தன் உரிமை இன்னது என்று யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது அவனுக்குப் பிறந்தது முதல் தெரியும்.

நெசவாளியின் வேலி 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முறிந்தது. நாலு கம்பெனிகள் இருந்த இடத்தில் ஆங்கிலக் கம்பெனி ஒன்றே மிஞ்சியது. துணி வாங்குகிறவனே ராஜாவும் ஆனான். நடுவிலிருந்த வியாபாரியை விலக்கிவிட்டுக் கம்பெனியின் குமாஸ்தாவும் சேவகனும் நேரே தறி வாசலுக்கு வந்தார்கள். முன்பணம் வாங்கினவன் துணியைக் கொடுத்தே தீரவேண்டும். முடியும்வரை பிறருக்கு நெய்யக்கூடாது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற உரிமை போயிற்று. அடுத்த சீமைக்கு ஓடலாம் என்றால் அடுத்த சீமையும் அதே கம்பெனியுடையது. பழவேற்காடும் கடைசியாக 1825-ல் ஆங்கிலேயர் வசம் வந்து சேர்ந்தது.

தொழில் ரகசியம் அதற்கு முன்பே போய்விட்டது. அது போன விதம் மிகவும் சாதுவானது. 1742-ல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தம் தேசத்துக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். (சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு உண்டு என்று முதன்முதலில் கண்டு சொன்னவர்களில் ஒருவரும் இவரே, லேசான மூளை அல்ல.) கடுக்காய், பால், படிகாரம், சாயவேர், மெழுகு, எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் அந்தக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். அவருக்குச் சொன்னவர்கள் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்திருந்த நம் சாயக்காரர்கள். குரு கேட்கிறார், சொன்னார்கள். சொல்லாமல் இருப்பார்களா? அதற்குச் சில வருஷங்கள் முன்னால் பொலியே என்ற கப்பல் அதிகாரி புதுச்சேரியில் நின்று பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிக் குறிப்பெழுதி எடுத்துப் போனார். அந்தக் கைப்பிரதி பாரிஸில் பத்திரமாக இருக்கிறது.

இனி நடந்ததுதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுகிறது. நம் துணி வந்து குவிகிறதே என்று பயந்து பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது. 1759 வரை தடை நீடித்தது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டுத் தடுத்தது. தடைக்குள்ளே அங்கத்திய அச்சுத் துணித் தொழில் வளர்ந்தது. வளர்ந்த பிறகு அவர்களுக்குள்ளேயே ஒருவர் சித்திரத்தை ஒருவர் திருடினார்கள். உடனே லண்டனில் மனு, பார்லிமெண்டில் விசாரணை. 1787-ல், துணியில் புதுச் சித்திரம் அச்சிட்டவனுக்கு இரண்டு மாதம் அதன்மேல் தனி உரிமை என்று சட்டம் பிறந்தது. 1794-ல் அதை மூன்று மாதமாக்கினார்கள். சித்திரத் துணிக்கு உலகத்தில் உரிமைச் சட்டம் வந்துவிட்டது! யார் கலை, யார் உரிமை! சோழமண்டலத்துச் சாயக்காரன் அந்த வருஷம் எந்தச் சேவகனுக்குப் பயந்து எந்தக் கதவின் பின்னால் நின்றுகொண்டிருந்தானோ, லண்டனில் அவனுக்காக மனுப் போட ஆள் இல்லை.

கலைஞனுக்குச் சட்டம் பிறப்பது பெரும்பாலும் இப்படித்தான். பக்கத்தில் பேச ஆள் இருப்பவனுக்குப் பிறக்கும். 1847-ல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் ஒரு காபி ஹோட்டலில் உட்கார்ந்திருந்தார். அங்கே அவர் எழுதிய பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். பில் வந்தது. என் பாட்டுக்கு நீ பணம் தரவில்லை, உன் பானத்துக்கு நான் பணம் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். தகராறு கோர்ட்டுக்குப் போயிற்று, பாட்டுக்காரர்கள் ஜயித்தார்கள். 1851-ல் பாடலாசிரியர், இசைக்காரர், பதிப்பாளர் சங்கம் ஒன்று ஏற்பட்டது. இன்றைக்கும் அது பிரான்ஸ் முழுவதும் பாட்டுக்குப் பணம் வசூலித்துக் கொடுத்துவருகிறது. வழக்குச் செலவுக்குத் துணை நின்றவர் ஒரு பதிப்பாளர். நம் ஊர் எழுத்தாளர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு தரம் படித்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இதற்குச் சமமான கதை என்றால் பாரதியார் கதைதான். அவர் 1921-ல் காலமானார். அன்றைய சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 வருஷம்வரை உரிமை உண்டு. அதாவது 1971 வரை. குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே சொத்து அதுதான். செல்லம்மாள் அம்மையார் தம் கணவரின் நூல்களைத் தாமே அச்சிட முயன்று பார்த்தார். கடன், பெண்ணின் கல்யாணம், குடும்பச் செலவு. உரிமை கை மாறிற்று. நூல் உரிமை ஒரு பக்கம் போயிற்று. இசைத்தட்டு, ரேடியோ, சினிமா உரிமை தனியே ஒரு வியாபாரியின் கைக்குப் போய், அவரிடமிருந்து ஏ. வி. மெய்யப்பன் வாங்கினார். அவருடைய 'நாம் இருவர்' 1947-ல் பாரதி பாட்டுகளோடு வந்து பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. 1948-ல் டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதும் விவகாரம் கோர்ட் வாசலுக்கு வந்தது.

ஜனங்களுக்குத் திகைப்பு. பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டுமா? மெய்யப்பனைப் பலர் வைதார்கள். அவர் காசு கொடுத்து முறைப்படி வாங்கியவர்; சட்டம் அவர் பக்கம் இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பத்திரங்களில் கையெழுத்தாகிற நேரத்தில், "அம்மா, இது போனால் இன்னின்னது போகும், சினிமா என்று ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது, அதற்கு இந்த விலை போதாது" என்று சொல்ல விஷயம் தெரிந்த ஒருவர் அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா என்பதுதான் எனக்குக் கேள்வி. நெசவாளி முன்பணம் வாங்கியபோது தலைமை நெசவாளி உட்கார்ந்திருந்தாரே, அந்த மாதிரி.

பிற்பாடு ஆட்கள் வந்தார்கள். வ. ரா., நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் 'பாரதி விடுதலைக் கழகம்' என்று ஒன்று கூட்டினார்கள். கூட்டம் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபை 1949-ல் உரிமையைச் சர்க்காருக்கு வாங்கியது. மெய்யப்பன் தம் பங்கைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். செல்லம்மாளுக்கும் பெண்கள் இருவருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். பின்னர் சர்க்கார் பாரதி பாடல்களை எல்லாருக்கும் பொதுவாக்கியது. ஓர் எழுத்தாளனின் எழுத்தைச் சர்க்காரே வாங்கி ஜனங்களுக்குக் கொடுத்தது உலகத்திலேயே அபூர்வமான சம்பவம். அந்தக் கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கவனியுங்கள்: பாரதிக்குக் கிடைத்த வக்கீல்கள் அவர் பாரதி என்பதால் கிடைத்தவர்கள். அதே வருஷங்களில் நாடகக் கம்பெனிகளுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியார்களுக்கு எந்தக் கழகம் கூடிற்று?

சினிமாப் பாட்டு விஷயத்தில் இந்தக் கணக்கு ரொம்ப நாள் தீரவில்லை. 1969-ல் பாட்டுக்காரர்களுக்கு அகில இந்திய சங்கம் ஏற்பட்டது. அதற்கும் படத் தயாரிப்பாளர்களுக்கும் நடந்த வழக்கில், 1977-ல் சுப்ரீம் கோர்ட், பணம் கொடுத்துப் படத்துக்காகப் பாட்டு வாங்கிய தயாரிப்பாளரே அதன் முதல் சொந்தக்காரர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர. 'ஒப்பந்தம் இருந்தால் தவிர' என்ற மூன்று வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. புதிதாகப் பாட்டெழுத வந்தவன் முன்பணச் செக்கோடு வருகிற பதினெட்டுப் பக்க ஆங்கிலப் பத்திரத்தில் எந்த வரியை அடிக்கச் சொல்லுவான்? செக்கைப் பார்த்த கண் பத்திரத்தைப் பார்க்காது. அந்தத் தீர்ப்பில் கலந்துகொண்ட வி. ஆர். கிருஷ்ண ஐயர், பாடுகிறவர்களுக்கு நம் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே என்று தனியாக வருத்தப்பட்டுக் குறிப்பு எழுதினார். 1970-களின் தொடக்கத்தில் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி எப்படிக் கொடுப்பது என்று ஆராய்ந்த கமிட்டிக்குத் தலைவராக இருந்தவரும் அவரே.

2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது சினிமாவுக்குப் பாட்டைக் கொடுத்துவிட்டாலும், தியேட்டருக்கு வெளியே அது பாடப்படும்போதெல்லாம் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேரவேண்டிய ராயல்டியை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியாது. வேறு சில விஷயங்கள் முன்பிருந்தே சட்டத்தில் இருக்கின்றன. எழுத்தாள நண்பர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் கொடுத்ததாகும்; வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருஷம் என்று பத்திரத்தில் எழுதவில்லை என்றால் ஐந்தே வருஷம். எந்தத் தேசத்துக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருஷம் அதைப் பயன்படுத்தாமல் பெட்டியில் பூட்டிவைத்தால், பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, உரிமை நம்மிடமே திரும்பி வந்துவிடும். எல்லாவற்றையும் விற்ற பிறகும், இது என் படைப்பு என்று சொல்லவும், அதைச் சிதைத்துப் பெயர் கெடுத்தால் தடுக்கவும் 57-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். அங்கே தறியும் இல்லை, சாயத் தொட்டியும் இல்லை. ஆனால் கைவேலை ஒழிந்துவிடவில்லை. முஸ்லிம் பெண்கள் பனையோலையைக் கிழித்துச் சாயம் தோய்த்து, பெட்டியும் கூடையும் தட்டும் முடைகிறார்கள். மூடியில் ஒரு புதுப் பின்னல் போட்ட பெட்டியை ஒரு பெண்மணி எனக்குக் காட்டினார். யோசித்து யோசித்துப் பிரித்துப் போட்டது என்றார். வியாபாரி ஒருவர் மாதிரிக்கு ஒன்று வாங்கிப் போனாராம். கொஞ்ச நாளில் அதே பின்னல் வேறு ஊரிலிருந்து மலிவாகக் கடைக்கு வந்துவிட்டது. "யாரைக் கேக்குறது சார்? ஓலைக்கு என்ன பேரா எழுதியிருக்கு?" என்று சிரித்தார்.

ஓலைக்கும் பெயர் எழுதலாம். 2000-ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டப்படி ஒரு புது வடிவத்தைப் பதிவு செய்தால் பத்து வருஷம் உரிமை. இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். ஆனால் சந்தைக்கு அனுப்பும் முன்னால் பதியவேண்டும். மாதிரி வெளியே போய்ப் பலர் பார்த்த பிறகு அது புதியது அல்ல, பதிய முடியாது. இன்னொரு கண்ணியும் உண்டு. பதிவு செய்யத் தகுந்த வடிவத்தைப் பதியாமல் விட்டு, யந்திரத் தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், பதிப்புரிமையும் போய்விடும் என்கிறது 15-ஆம் பிரிவு. ஊர்ப் பெயரைக் காப்பதற்கு 1999-ல் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது. அதன்படி பவானி ஜமக்காளத்துக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் பதிவு கிடைத்திருக்கிறது. பழவேற்காட்டுக்குக் கொஞ்சம் மேற்கே உள்ள காளஹஸ்தியின் கலம்காரிக்கும் கிடைத்திருக்கிறது. இந்தியா முழுவதற்கும் அந்தப் பதிவு அலுவலகம் சென்னையில், கிண்டியில் இருக்கிறது. தனி ஆளாகப் போய் வாங்க முடியாது. செய்கிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து போகவேண்டும். கிளாஸ்கோக்காரன் நம் பெயரைத் துணியில் ஒட்டிய நாளில் இது இருந்திருந்தால் என்று எண்ணிப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை.

இத்தனையும் அந்தப் பெண்மணிக்கு யார் சொல்லுவது? நியூயார்க்கில் 1969-ல் வக்கீல்கள் சிலர் சேர்ந்து, கலைஞர்களுக்குக் காசு வாங்காமல் யோசனை சொல்வதற்கென்றே ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். பல ஊர்களில் அதைப் பார்த்து வேறு ஸ்தாபனங்கள் எழுந்தன. நம்மிடம் வேறு ஒரு வழி இருக்கிறது. கலைஞர்கள் அதைத் தங்களுடையது என்று நினைப்பதில்லை. 1987-ல் நிறைவேறி 1995 நவம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம்தான் அது. அதன் 12-ஆம் பிரிவு இலவச உதவிக்கு உரியவர்கள் யார் யார் என்று சொல்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிலாளர், குறைந்த வருமானக்காரர் என்று போகிற அந்த வரிசையில் பெண்கள் என்றும் இருக்கிறது. எந்தப் பெண்ணானாலும் சரி, வருமானம் கேட்பதில்லை. சட்ட உதவி என்றால் கோர்ட்டில் வழக்காடுவது மாத்திரம் என்று நினைக்கிறோம். எந்தச் சட்ட விஷயத்திலும் யோசனை சொல்வதும் சட்ட உதவிதான் என்று அந்தச் சட்டமே விளக்கம் கொடுக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மாதிரியைக் கொடுப்பதற்கு முன்னால், முன்பணத்தை வாங்குவதற்கு முன்னால் போய்க் கேட்கலாம்.

பழவேற்காடு பொன்னேரி தாலுகாவைச் சேர்ந்தது. மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு, தாலுகாவுக்கு ஒரு குழு என்று சட்டத்தில் ஏற்பாடு. கோர்ட் இருக்கிற கட்டடத்திலேயே விசாரிக்கலாம். மனுவைத் தமிழில் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். போனில் கேட்க 15100. அந்தப் பெண்மணியிடம் இதைச் சொன்னேன். முடைந்துகொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய் மகளின் பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து, எண்ணை மறுபடி ஒரு தரம் சொல்லச் சொன்னார்.